வார்டு வாசல்: மழைக்கு முன் ஒரு போன்

தபால் நிலைய கவுன்டரில் காலம் தள்ளி ஓய்வுபெற்று, இப்போது மேற்கு மாம்பலத்தில் தெரு நலச் சங்கச் செயலாளராக இருப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை சென்னையின் மழைக்காலக் கேள்விகள். பெயர் வேண்டாம் என்று பலரும் எழுதியிருந்ததால் ஏரியாவை மட்டும் போட்டிருக்கிறோம்.

வேளச்சேரி வாசகி: அம்மா, ஒரு மணி நேரம் பெய்தாலே எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். செப்டம்பரிலேயே மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு போன் செய்து 'ட்ரெய்னேஜ் அடைத்திருக்கிறது' என்று புகார் கொடுத்தேன். யாரும் எதையும் சுத்தம் செய்யவில்லை. 'புகார் முடிக்கப்பட்டது' என்று மெசேஜ் மட்டும் வந்தது. இனி யாரிடம் போவது?

முதலில் உங்கள் புகார் எந்த ஆபீசுக்குப் போயிருக்கும் என்று பார்ப்போம். தெருவுக்கு அடியில் இரண்டு தனித்தனி லைன் ஓடுகிறது. வீட்டுக் கழிவுநீர் போவது பாதாளச் சாக்கடை. அது சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைத்தண்ணீர் போவது மழைநீர் வடிகால். அது மாநகராட்சியின் பொறுப்பு. நாம் இரண்டையுமே ட்ரெய்னேஜ் என்றுதான் சொல்கிறோம். புகார் சாக்கடை என்று பதிவாகிவிட்டால் வாரியத்து ஆள் வருவார், மேன்ஹோலைத் திறந்து பார்ப்பார், லைன் நன்றாக ஓடுகிறது என்று எழுதிவிட்டுப் போவார். அவர் எழுதியது பொய்யில்லை. உங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதும் பொய்யில்லை.

எது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். நடுரோட்டில் இருக்கும் வட்ட இரும்பு மூடி பெரும்பாலும் சாக்கடை மேன்ஹோல். ரோட்டு ஓரமாக, நடைபாதையை ஒட்டி வரிசையாக செவ்வக மூடிகள் இருக்கும். அதுதான் மழைநீர் வடிகால். ரோட்டுத் தண்ணீர் அந்த வடிகாலுக்குள் இறங்குவதற்கு ஓரத்தில் கம்பி போட்ட சின்ன வாய் இருக்கும். அதற்கு உள்ளே ஒரு தொட்டி, மண்ணைத் தங்கவைத்துத் தண்ணீரை மட்டும் அனுப்புவதற்காகக் கட்டியது. மாநகராட்சிக் காகிதத்தில் 'வண்டல் வடிகட்டித் தொட்டி' என்று எழுதுவார்கள். என் அனுபவத்தில் பாதித் தெருக்களில் கோளாறு இந்தத் தொட்டியில்தான். வடிகால் உள்ளே காய்ந்து கிடக்கும், மேலே ரோட்டில் தண்ணீர் நிற்கும். டீ கப், பால் கவர், வேப்பிலைச் சருகு, யாரோ வீடு கட்டி மிச்சம் வைத்த மணல் எல்லாம் சேர்ந்து வாயை அடைத்திருக்கும். சில இடங்களில் புது ரோடு போட்டவர்கள் அந்த வாயின் மேலேயே தாரை இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அடுத்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அந்த வாயைப் பாருங்கள். தண்ணீர் அதைச் சுற்றி அசையாமல் நின்றால் வாய் அடைப்பு. தூர் எடுத்தால் போதும். அதிலிருந்து தண்ணீர் வெளியே வந்தால் கீழே எங்கோ கால்வாயே நிரம்பி எதிர்த்துத் தள்ளுகிறது என்று அர்த்தம். அப்போது உங்கள் தெருத் தொட்டியைச் சுரண்டிப் பயனில்லை, மோட்டார் வைத்து இறைக்கத்தான் வேண்டும். வேளச்சேரி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இந்த இரண்டாவது வகை உங்கள் பக்கம் அதிகம். இரண்டில் எது என்று சொல்லிப் புகார் கொடுத்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

மறுபடி 1913-க்கு அடித்து, பழைய புகார் எண்ணைச் சொல்லி, வேலை நடக்கவில்லை என்று பதியச் சொல்லுங்கள். 'மழைநீர் வடிகால், வண்டல் தொட்டி மண் மூடியிருக்கிறது' என்று இந்தச் சொற்களாலேயே சொல்லுங்கள். முகவரியில் கதவு எண் கட்டாயம், பழையது புதியது இரண்டும். நான் தபாலில் இருந்தவள், இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. சென்னையில் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று வீட்டுக்கு வீடு போட்டுக்கொண்டு, புகாரில் மட்டும் '14' என்று எழுதினால், வருகிறவர் புதிய 14-ன் வாசலில் போய் நிற்பார். அந்த வாசல் பளிச்சென்று இருக்கும். புகார் முடிந்தது!

அப்படியும் நகரவில்லை என்றால் போட்டோவுடன் ஒரு கடிதம், உங்கள் வார்டு உதவிப் பொறியாளருக்கு ஒன்று, மண்டல அலுவலகத்துக்கு ஒன்று. வேளச்சேரிக்கு மண்டலம் 13, அடையாறு. கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

பெரம்பூர் வாசகர்: தெருவில் தண்ணீர் நின்றால் எங்கள் பையன்கள் கடப்பாரையால் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் வடிந்துவிடுகிறது. இதில் தப்பு என்ன?

பத்து நிமிடத்தில் உங்கள் தெருவில் வடிந்த தண்ணீர் எங்கே போனது என்று அடுத்த தெருவின் தரைத்தளக் குடியிருப்புக்காரரைக் கேளுங்கள். அவர் வீட்டுக் கழிப்பறை வழியாக மேலே வந்திருக்கும். சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுக்குப் போட்ட அளவு. மழைத்தண்ணீரையும் மண்ணையும் அதற்குள் விட்டால் பம்பிங் ஸ்டேஷனால் இழுக்க முடியாது. தாழ்வான வீடுகளில் பீறிடும். அப்புறம் மழை விட்ட பிறகும் மண் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சாக்கடை பொங்கும்.

அதைவிடப் பெரிய பயம், திறந்த மூடி தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. பால் வாங்கப் போகும் குழந்தை, டூவீலரில் வருகிறவர், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஏற்கெனவே மூடி உடைந்தோ காணாமலோ போயிருந்தால் ஒரு மரக்கிளையை நட்டுத் துணியைக் கட்டிவிட்டு, குடிநீர் வாரியத்தின் 044-45674567 அல்லது கட்டணமில்லா எண் 1916-க்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன். அடைப்பு எடுக்கிறேன் என்று யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள். 'அவரே இறங்குகிறேன் என்றார், ஐந்நூறு கொடுத்தோம்' என்பதெல்லாம் செல்லாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்கினால், வேலைக்கு அழைத்தவருக்கு முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை ஜெயிலோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ உண்டு. விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். வாரியத்திடம் இதற்கென்றே லாரியும் இயந்திரமும் இருக்கின்றன. செப்டிக் டேங்க் என்றால் 14420.

மயிலாப்பூர் வாசகர்: சொத்துவரியில் அக்டோபரில் ஏதோ தள்ளுபடி உண்டாமே?

உண்டு. அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். அக்டோபரில் தொடங்கும் அரையாண்டுக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. அதைத் தவறவிட்டால் சலுகை போச்சு. மேலும் இழுத்தால் தனிவட்டி சேரும். மாநகராட்சி இணையதளத்திலேயே கட்டலாம். குடிநீர் வாரியத்துக்குக் கட்டும் வரியும் கட்டணமும் தனிக் கணக்கு. இதைக் கட்டியதும் அதுவும் தீர்ந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

கொளத்தூர் வாசகி: கொசு தாங்கவில்லை. புகை மருந்து வண்டி எங்கள் தெருவுக்கு வந்து மாதக்கணக்காகிறது. வார்டில் சொன்னால் 'வரும் வரும்' என்கிறார்கள். வண்டியை வரவழைக்க வழி சொல்லுங்கள் அக்கா.

வண்டி வர 1913-ல் புகார் பதியலாம், மண்டல சுகாதாரப் பிரிவில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் புகையை நம்பி இருக்காதீர்கள் என்பேன். புகை அப்போது பறந்துகொண்டிருக்கும் பெரிய கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. வண்டி சத்தம் கேட்டதும் நாம் கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். டெங்குக் கொசு கட்டிலுக்கு அடியிலும் மாட்டி வைத்த சட்டைக்குப் பின்னாலும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கூவத்திலிருந்து பறந்து வருவதில்லை. அது சாக்கடையைத் தேடாது, நல்ல தண்ணீரைத்தான் தேடும். பகலில் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. அதாவது உங்களைக் கடித்தது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும். இதைச் சொன்னால் எங்கள் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் பக்கத்து வீட்டையே பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் ஒதுக்கி வீட்டைச் சுற்றி வாருங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு தட்டு இருக்கும். பலர் வாங்கிய நாள் முதல் அதைப் பார்த்ததே இல்லை. டார்ச் அடித்துப் பாருங்கள். நெளிகிற புழு இருந்தால் அங்கேயே பிடிபட்டது உங்கள் கொசுப் பண்ணை. அப்புறம் மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடியில் குப்புற வைக்காத பெயிண்ட் டப்பா, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, தேங்காய் ஓடு, ஆட்டுக்கல் குழி. ஆட்டுக்கல் இருக்கும் வீடு குறைந்துவிட்டது, ஆனால் இருப்பவர்கள் வீட்டில் அது வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கிறது.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. இந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் டிரம், வாளி எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை இதைச் செய்தாலே சங்கிலி அறுந்துவிடும். சம்ப்புக்கும் ஓவர்ஹெட் டேங்குக்கும் இடைவெளி இல்லாத மூடி வேண்டும். மலேரியாவைப் பரப்புகிற வேறொரு கொசுவுக்குச் சென்னையின் கிணறும் மாடித் தொட்டியும்தான் பிடித்த இடம்.

வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க மாநகராட்சி ஊழியர்கள் வருவார்கள். பெரும்பாலும் அவர்களைக் கேட்டிலேயே 'எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு' என்று அனுப்பிவிடுகிறோம். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். மூடிக் கிடக்கும் பக்கத்து வீட்டையும் கட்டுமானம் நின்றுபோன மனையையும் அவர்களிடம் காட்டிக்கொடுங்கள். அங்கே நுழைய உங்களால் முடியாது, அவர்களால் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க முடியும்.

குரோம்பேட்டை வாசகர்: 1913-க்கு அடித்தால் உங்கள் ஏரியா எங்களிடம் இல்லை என்கிறார்கள். நாங்கள் சென்னை இல்லையா?

சென்னைதான், ஆனால் சென்னை மாநகராட்சி இல்லை. பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், தாம்பரம் எல்லாம் சேர்ந்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. குரோம்பேட்டை அதில் வருகிறது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. உங்கள் சொத்துவரி ரசீதின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அங்கேதான் உங்கள் புகார் செல்லும். இதேபோல, 2011-ல் சென்னை 155 வார்டிலிருந்து 200 வார்டாக விரிந்தபோது எண்கள் எல்லாம் மாறின. பழைய வார்டு எண்ணை இன்னும் எழுதுகிற பெரியவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அண்ணா நகர் வாசகர்: எங்கள் வீட்டு வாசலில் நடைபாதை மரம் ஒன்று கரண்ட் கம்பி மேல் சாய்ந்திருக்கிறது. நானே ஆள் வைத்து வெட்டிவிடலாமா? பக்கத்து வீட்டு முருங்கையும் எங்கள் பக்கம்தான் சாய்கிறது.

நடைபாதை மரத்தில் கை வைக்காதீர்கள். மரம் மாநகராட்சிப் பூங்காத் துறையுடையது, கம்பி மின்வாரியத்துடையது. கம்பியில் உரசும் கிளைக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987. அவர்கள் லைனை நிறுத்தித்தான் வெட்டுவார்கள். கம்பியைத் தொடாத கிளைகளுக்கு 1913-ல் 'கிளை கத்தரிக்க வேண்டும்' என்று பதியுங்கள். 'மரத்தை வெட்ட வேண்டும்' என்று சொல்லாதீர்கள். கத்தரிப்பது வார்டு அளவில் முடிகிற வேலை. அடியோடு எடுப்பதென்றால் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்குள் தை பிறந்துவிடும்.

கத்தரிக்க வரும்போது கூடவே நில்லுங்கள். ஒரே பக்கமாக வெட்டிவிட்டுப் போனால் மரம் மறுபக்கம் கனத்து அடுத்த காற்றில் அந்தப் பக்கமே சாயும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு சென்னைத் தெருக்களில் கிடந்த மரங்களை நினைத்துப் பாருங்கள். நிறைய மரங்களின் அடியில் நாலு பக்கமும் சிமென்ட் பூசியிருந்தது. வேர் ஓட இடமே இல்லை. உங்கள் வாசல் மரத்தைச் சுற்றியும் சிமென்ட் இருந்தால் ஒரு மீட்டராவது உடைத்து மண் தெரிய விடச் சொல்லுங்கள். வெட்டிய கிளையை அன்றே எடுத்துப் போகிறார்களா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் அதுவே வடிகால் வாயில் போய் உட்காரும்.

முருங்கைக்கு ஆபீஸ் எதற்கு? நாலு காய் கேட்டு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் பேசுங்கள். முருங்கை எப்படியும் பெருங்காற்றில் ஒடிகிற மரம், மழைக்கு முன் கழித்துவிடுவது அவர்களுக்கும் நல்லது.

ராயபுரம் வாசகி: மழை பெய்தால் குழாய்த் தண்ணீர் கலங்கலாகவும் நாற்றமாகவும் வருகிறது.

நாற்றம் என்றால் அன்றே 1916-க்குச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பழைய குழாயில் ஓட்டை இருந்து, பக்கத்தில் சாக்கடை பொங்கினால், தண்ணீர் விடாத நேரத்தில் அழுக்கு உள்ளே இழுக்கப்படும். தெருவில் எத்தனை வீட்டில் இப்படி வருகிறது என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் கோளாறு உங்கள் இணைப்பிலோ சம்ப்பிலோ இருக்கலாம். தெரு முழுக்க என்றால் மெயின் லைன். தண்ணீரை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சரியாகும் வரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான், பல் தேய்க்கவும்கூட.

வில்லிவாக்கம் வாசகி: தீபாவளிக்கு வீட்டை ஒழித்ததில் ஒரு பழைய சோபா, இரண்டு பஞ்சு மெத்தை. குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டேன் என்கிறார்.

அவர் பேட்டரி வண்டியில் சோபாவை ஏற்றினால் மற்ற வீட்டுக் குப்பைக்கு இடம் ஏது? இந்த மாதிரிப் பெரிய சாமான்களை சனிக்கிழமைகளில் வந்து எடுக்கும் ஏற்பாட்டை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. முன்கூட்டிப் பதிய வேண்டும். 1913-லோ 'நம்ம சென்னை' செயலியிலோ செய்யலாம். வண்டி வரும் நாளில் கீழே இறக்கி வையுங்கள். அதுவரை ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாய் ஓரம் தள்ளிவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் ஏறிய ஒரு மெத்தை, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் ஒரு கல்வெர்ட்டையே அடைக்கும்.

பட்டாசுக் குப்பையைத் தனிச் சாக்கில் கட்டி வையுங்கள். அதில் ரசாயனம் இருப்பதால் மற்ற குப்பையோடு கொட்டாமல் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயகரக் கழிவு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அன்று இரவு மழை வந்தால் அந்தக் காகிதக் குப்பை முழுவதும் வடிகாலுக்குள் போய்விடும் என்பதால் வெடித்தவர்களே அன்றே பெருக்கிவிடுவது நியாயம். வெடிக்கும் நேரம் தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. எங்கள் தெருவில் அந்தக் கடிகாரம் எந்த வீட்டிலும் ஓடுவதில்லை, அது வேறு கதை.

போகிக்கும் இப்படித்தான். பழைய துணி, டயர், ட்யூப், பிளாஸ்டிக்கை எரிக்காமல் வாசலுக்கு வரும் ஊழியரிடம் கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு ஜனவரியும் மாநகராட்சி அறிவிக்கிறது. 2018 போகியன்று புகை மூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானமே இறங்க முடியாமல் போனது.

மடிப்பாக்கம் வாசகர்: ரெட் அலர்ட் வந்தால் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் விடலாமா? ஃபைன் போடுவார்களா?

2024 அக்டோபரில் பாலம் முழுக்கக் கார் வரிசை நின்றது. ஃபைன் என்று செய்தி பரவ, அப்படி எதுவும் விதிக்கவில்லை என்று போக்குவரத்துப் போலீசே விளக்கம் சொன்னது. அது அன்றைக்கு, என்றைக்கும் உரிமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விட்டால் ஒரே ஓரமாக விடுங்கள், ஆம்புலன்ஸ் போக வேண்டும். கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வையுங்கள். மழை விட்டதும் எடுத்துவிடுங்கள். அந்த முறை மழை ஏமாற்றிவிட்டது, ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இன்ஜினில் தண்ணீர் ஏறியவர்களைக் கேட்டால் பாலத்தில் விட்டவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

வியாசர்பாடி வாசகி: எங்களுடையது ரோட்டைவிடத் தாழ்ந்த வாடகை வீடு. இரண்டு குழந்தைகள், மாமியார் நடக்க முடியாதவர். போன தடவை கழுத்தளவு பதற்றத்தோடு ராத்திரி இரண்டு மணிக்கு வெளியேறினோம். இந்த முறை என்ன செய்து வைத்துக்கொள்வது?

ராத்திரி வரை காத்திருக்காதீர்கள் தங்கச்சி. உங்கள் வார்டில் நிவாரண முகாம் எது என்று இப்போதே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளியாகவோ சமுதாயக் கூடமாகவோ இருக்கும். மழை இல்லாத ஒரு நாள் போய், மாமியாரால் ஏற முடிகிற படியா, தரைத்தளத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வார்டு அலுவலகத்தில் 'நடக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார்' என்று முகவரியோடு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். படகு வரும் நிலை வந்தால் யார் வீட்டுக்கு முதலில் போவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

தண்ணீர் வாசலைத் தொட்டதுமே, ஈரம் இல்லாத கையால், காய்ந்த இடத்தில் நின்று மெயினை அணையுங்கள். மெயின் இருக்கும் இடமே நனைந்துவிட்டால் தொடாமல் மின்னகத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸ் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். மீட்டர் முழங்கால் உயரத்தில் இருந்தால், வீட்டு ஓனரிடம் மேலே மாற்றித் தரச் சொல்லி இப்போதே கேளுங்கள். விண்ணப்பம் அவர் பெயரில்தான் போக வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்று, மாமியாரின் மருந்துச் சீட்டு. ரேஷன் கார்டை முதலில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தார்கள். கார்டில் பழைய முகவரி இருந்தவர்களும் கார்டே இல்லாதவர்களும் தனியாக விண்ணப்பம் எழுதி அலைந்தார்கள். வாடகை வீடு மாறியும் கார்டில் முகவரி மாற்றாமல் இருந்தால் இந்த வாரமே இ-சேவை மையத்தில் மாற்றுங்கள்.

சாப்பாட்டுக்கு: பெருமழை நாட்களில் அம்மா உணவகத்தில் இலவசமாகக் கொடுத்ததுண்டு, 2024 அக்டோபரில் அப்படிச் செய்தார்கள். சமைக்க முடியாத நிலை என்று 1913-ல் சொன்னால் உணவுப் பொட்டலம் பற்றியும் பதிவு செய்வார்கள்.

மேற்கு மாம்பலம் வாசகர்: (எங்கள் பக்கத்துத் தெருதான் போலிருக்கிறது!) புது ரோடு போடப்போகிறார்கள். ஏற்கெனவே வீடு ஒரு அடி பள்ளத்தில் இருக்கிறது. தடுக்க முடியுமா?

ரோட்டைத் தடுக்க வேண்டாம், உயரத்தைத் தடுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கே புதிது போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக்கூடாது என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா அலுவலகங்களுக்கும் எழுதினார். சுரண்டுவதை 'மில்லிங்' என்பார்கள். மில்லிங் மெஷின் வராமல் தார் லாரி மட்டும் வந்து நின்றால் வேலை ஆரம்பிக்கும் முன்பே உதவிப் பொறியாளருக்கு போன் போடுங்கள். போட்டு முடித்த பிறகு பேசினால் அடுத்த ரோடு வரும்வரை பேசிக்கொண்டே இருக்கலாம்.

உங்கள் வீட்டு வாசல்படியிலிருந்து ரோடு வரை ஒரு டேப் பிடித்து, டேப்பும் படியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். ஒப்பந்ததாரர் ஆள் 'ஏறவே இல்லை சார்' என்னும்போது காட்ட ஒன்று வேண்டும். வடிகால் வாய்களுக்கும் ஒரு போட்டோ.

சைதாப்பேட்டை வாசகர்: கவுன்சிலருக்கு போன் செய்தால் எடுப்பதே இல்லை. எழுதிக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்குகிறார், அத்தோடு சரி. வேறு என்ன வழி?

பகுதி சபைக்குப் போயிருக்கிறீர்களா? கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்து வார்டுகளுக்கு வார்டு கமிட்டி, பகுதி சபை என்று 2022-ல் தமிழ்நாட்டில் விதி கொண்டுவந்தார்கள். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சர் ஸ்டாலினே உட்கார்ந்து மக்கள் சொன்னதைக் கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் யாரும் போகலாம். அங்கே நீங்கள் சொல்வது நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏற வேண்டும். போனில் சொல்வதற்கும் அதற்கும் இருக்கிற வித்தியாசம் அந்தப் பேரேடுதான்.

கூட்டம் எங்கே, எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். 'நடந்து முடிந்துவிட்டது' என்றால் குறிப்பேட்டின் நகலைக் கேளுங்கள். தனியாகப் போகாமல் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேராகப் போங்கள், பெண்கள் நாலு பேராவது இருக்கட்டும். எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லுங்கள். ஒருவர் நாய், ஒருவர் லைட், ஒருவர் குப்பை என்று ஆரம்பித்தால் டீ வந்ததும் கூட்டம் கலைந்துவிடும். லைட் என்று வந்தால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.